அப்பா பெயிலாக வேண்டும்

பரீட்சையில் பெயிலாகிவிடக் கூடாது என்று சாமி கும்பிடாத பிள்ளை கிடையாது. அப்பா பெயிலாக வேண்டும் என்று கும்பிட்ட பிள்ளை, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதுவும் காரைக்குடி கொப்புடையம்மன் சன்னதியில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்டுவிடாமல்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அப்பா அரபு நாட்டில் ஒரு பெரிய வீட்டில் தோட்ட வேலை பார்த்தார். லைசென்ஸ் எடுத்துவிட்டால் அதே வீட்டில் காரோட்டலாம் என்று முயன்றுகொண்டிருந்தார். அந்த ஊரில் லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லையாம். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது, "ஆத்தா, அப்பா மறுபடியும் பெயிலு. நீயாச்சும் பாஸாயிரு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவேன்.

திடீரென்று அந்தப் போன் நின்றுபோனது. கேட்டதற்கு, "அப்பாவுக்குப் பரீட்சை. முடியிற வரைக்கும் போன் பேசக் கூடாதாம்" என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை வந்தால் நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அடிக்காது. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

தேவகோட்டையிலிருந்து மாமா அடிக்கடி வர ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவர் வந்தால் வீடே அதிரும். இப்போது அம்மாவும் அவரும் அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள்.

"பெயிலு மட்டும் கெடச்சிட்டாப் போதும்த்தா" என்பார் மாமா.

"எப்பண்ணே கெடைக்கும்?" என்பாள் அம்மா.

எனக்கு மண்டை காய்ந்தது. பெயிலுக்கு யாராவது ஆசைப்படுவார்களா? யோசித்து யோசித்து நானே ஒரு விடை கண்டுபிடித்தேன். இன்னொரு தடவை பெயிலானால் அப்பாவை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அப்பா பாவம், எவ்வளவு ஆசையாகப் படிக்கிறார்! சில நாள் அப்படியும் இப்படியும் தடுமாறிவிட்டு, கடைசியில் நானும் அம்மா பக்கமே சேர்ந்துவிட்டேன். அம்மன் முன்னால் நின்று, "அப்பா பெயிலாயிரணும்" என்று கேட்டேன். கேட்ட கையோடு அப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் அம்மா இங்கிலீஷ் படிக்கக் கிளம்பினாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பலகாரக் கடைக்குச் சீப்புச்சீடை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று தெரு முழுவதும் கேட்டது. "தனியாப் போக வெக்கமா இருக்குடி, நீயும் வா" என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சிங்கப்பூர் போகவிருந்த ஒரு நர்ஸ் அக்காவும், கானாடுகாத்தானில் பழைய பங்களாவை ஓட்டலாக்கிய இடத்தில் வேலை பார்த்த இரண்டு அண்ணன்களும் படித்தார்கள். புத்தகத்தில் விமான நிலையம், ஓட்டல், டாக்டர் வீடு என்று வரிசையாகப் பாடங்கள். குற்றமும் நீதியும் கடைசிப் பாடம்.

"டீச்சர், எனக்கு அந்தக் கடைசிப் பாடம் மட்டும் போதும். அதை மொதல்ல சொல்லிக் குடுங்க" என்றாள் அம்மா.

டீச்சர் ஏன் என்று கேட்டார். அம்மா அவர் காதருகே போய் ஏதோ சொன்னாள். டீச்சரின் முகம் மாறியது. என்னிடம் சில்லறை கொடுத்து, கீழே போய்ச் சாக்பீஸ் வாங்கி வரச் சொன்னார். அன்றிலிருந்து அடிக்கடி என்னைச் சாக்பீஸ் வாங்க அனுப்புவார். மேசை மேல் டப்பா நிறையச் சாக்பீஸ் இருக்கும். ஆனாலும் பெரிய மனுஷி மாதிரி என்னைக் கடைக்கு அனுப்புகிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.

வகுப்பு முழுவதும் போலீஸ், திருடன், வக்கீல் என்று மாறியதில் ஓட்டல் அண்ணன்களுக்குத்தான் வருத்தம். "டீச்சர், வெள்ளக்காரக வந்து எறங்குனதும் நீ திருடனான்னா கேக்கப் போறோம்?" என்றார் ஒருவர். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஸ்டீல் என்றால் திருடுவது என்று டீச்சர் சொன்னதை அம்மா முதலில் நம்பவில்லை. "ஸ்டீலுன்னா கீழ கடையில விக்கிற தூக்குச்சட்டில்ல?" என்றாள். நம்பிய பிறகு விடவில்லை. சீடை மாவை உருட்டிச் சுருட்டும்போதெல்லாம் "ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன்" என்று ஓதிக்கொண்டே இருப்பாள். "தி வாட்ச் வாஸ் ஸ்டோலன்" என்று டீச்சர் பலகையில் எழுதி, இப்படிச் சொன்னால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றபோது அம்மாவின் முகம் தெளிந்தது.

"நம்ம வாட்ச்சு களவு போச்சுன்னு சொல்லுவம்ல, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"நல்ல பாசையாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

அவளை மிகவும் படுத்தியது வேறொரு வாக்கியம். புத்தகத்தில் ராஜு என்பவன் வாட்ச்சைத் திருடவில்லை என்று போட்டிருந்தது. அம்மா ராஜுவை எடுத்துவிட்டு "மை ஹஸ்பெண்ட்" என்று வைத்துக்கொண்டாள். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பெயரில்லாமல் சொல்வதுதானே அவள் வழக்கம். அப்பாவின் பெயரை அம்மா வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டாலும் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் என் முழங்கையை இடிப்பாள். நான்தான் சொல்வேன். என் கவலையெல்லாம் அவள் "டிட் நாட் ஸ்டோல்" என்று சொல்வதில்தான். டிட் வந்தால் ஸ்டீல்தான் வர வேண்டும். எத்தனை முறை திருத்தினாலும் நாக்கு ஸ்டோலுக்கே போகும். "அம்மா, தப்பு!" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "இங்குட்டு உக்காருடி, இன்னொருக்காச் சொல்லிக் குடு" என்பாள். சில சமயம் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே அழுவாள். இலக்கணம் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வகுப்பில் டீச்சரும் மாமாவும் மட்டும் இருந்தார்கள். மேசை மேல் மாமாவின் போன். "இன்னைக்கு அம்மாவுக்குப் பேச்சுப் பரீட்சை" என்றார் டீச்சர். என்னைச் சாக்பீஸுக்கு அனுப்பப் பார்த்தார். அம்மா என் கையை விடவில்லை. "அவ இருக்கட்டும் டீச்சர். தப்பாச் சொன்னா அவதான் திருத்துவா" என்றாள்.

போன் அடித்தது. ஓர் ஆள் இங்கிலீஷில் வேகமாகப் பேசினான். "கோர்ட்டுதான்த்தா" என்று மாமா கிசுகிசுத்தார்; பாடத்தில் வருகிற கோர்ட் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆள் முதலில் கேட்டது எனக்கே புரிந்தது. உன் கணவன் பெயர் என்ன?

என் முழங்கையை இடிப்பாள் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டு, அப்பாவின் பெயரை அவளே சொன்னாள். மொட்டையாக, சத்தமாக, எழுத்து எழுத்தாக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு அம்மா நிறுத்தவே இல்லை. வாட்ச் களவு போனது என்றாள். அவர் பன்னிரண்டு வருஷமாக என் கணவர் என்றாள். கடைசியில், மூச்சை இழுத்துப் பிடித்து, "ஹி டிட் நாட் ஸ்டீல் தி வாட்ச்" என்றாள்.

ஸ்டீல்! நான் எம்பிக் குதித்தேன்.

சில வாரம் கழித்து மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். "பெயிலு கெடச்சிருச்சுத்தா!" அம்மா மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தெருவுக்கு ஓடி, "எங்கப்பா பெயிலு! எங்கப்பா பெயிலாயிட்டாக!" என்று கத்திக்கொண்டே போனேன். பின்னால் வந்து என்னைப் பிடித்த அம்மா, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி என்னைக் கட்டிக்கொண்டாள். வாட்ச் பிறகு அப்பா வேலை பார்த்த வீட்டுப் பையனிடமே கிடைத்ததாம். அப்பா இளைத்துக் கறுத்து ஊர் வந்து சேர்ந்தார். பெயிலானதற்காக நான் அவரைத் தேற்றினேன். அவரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார்.

பெயிலில் இரண்டு உண்டு, இங்கிலீஷில் எழுத்தே வேறு, ஒன்று ஜாமீன் என்பதெல்லாம் எட்டாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, சீடை சுருட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அந்தப் போனுக்குப் பிறகு அம்மா ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லை. அப்பாவின் பெயரையும் சொல்லவில்லை. போன மாதம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். அம்மா என் முழங்கையை இடித்தாள். நான் வேண்டுமென்றே பேசாமல் நின்றேன். அந்தக் குரலில் அந்தப் பெயரை இன்னொரு முறை கேட்டுவிட முடியாதா என்று அப்படி ஓர் ஏக்கம்.

"சொல்லேன்டி, என்ன மசமசன்னு நிக்கிற? அவுக காத்துக்கிட்டு இருக்காகல்ல" என்றாள் அம்மா. நான்தான் சொன்னேன்.

ஒரே ஒரு முறை அவள் அதைச் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தேன். எங்கே தப்பு வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.