மழையில்லாத நாளில் சந்திரா ஆறு

கிளம்பும் முன் எழுதி வைத்த குறிப்புகளின் வரிசை இது. திருத்தாமல் தருகிறேன்.

1. ஏன் போகிறேன்
2. சந்திரா ஆறு எங்கே பிறந்து எங்கே போகிறது
3. மழையில்லாமல் ஆறு பெருகாது
4. போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

என் மகன் குமரன் இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டில், இமாசலப் பிரதேசத்தில் சத்ருவுக்கு அருகே ஓர் ஓடையைக் கடக்கும்போது அடித்துச் செல்லப்பட்டான். உடல் கிடைக்கவில்லை. கூடப் போன நண்பன் அசன், மேலப்பாளையத்துப் பையன். "மழையே இல்ல மாமா, நல்ல வெயிலு. போகையில முழங்காலளவுதான் கெடந்துச்சு, திரும்புகையில ஏறிட்டு" என்று அழுதான். நான் நம்பவில்லை. சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையில் வளர்ந்தவன் நான். மேற்கே மலையில் மேகம் இறங்காமல் தாமிரபரணி ஏறியதைக் கண்டதில்லை (அணை திறப்பது வேறு கணக்கு). எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். அவன் வீட்டுக்கு வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

இந்த ஆகஸ்டில் நேரில் பார்க்கத் துணிந்தேன். தனியாகப் போகப் பயம். மும்பையில் கடை வைத்திருந்த, இந்தி தெரிந்த மச்சினன் சங்கரனை அழைத்துக்கொண்டேன். டெல்லி வரை ரயில், மணாலிக்கு இரவுப் பேருந்து. அங்கிருந்து சத்ரு போய்வர ஜீப்புக்கு 6,500 ரூபாய். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதையைத் தாண்டினால் மரங்களே இல்லை.

அந்த ஓடை போய் விழும் சந்திரா, பாரலாச்சா கணவாயின் கீழே பனியில் பிறக்கிறது. தென்கிழக்கே ஓடி, பத்தல் அருகே மேற்கே திரும்பி, தாண்டி என்ற ஊரில் பாகா ஆற்றுடன் சேர்ந்து செனாப் ஆகிறது. பிறகு பாகிஸ்தான் வழியாக அரபிக்கடல். நம் ஆறு புன்னைக்காயலில் கிழக்குக் கடலைச் சேர்கிறது. மகன் எந்தக் கடலுக்குப் போயிருப்பான் என்று வரைபடத்தில் எத்தனையோ நாள் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

குமரனைக் கொண்டுபோன அந்த ஓடையைக் காலை பதினோரு மணிக்குக் கடந்தோம். அரிசி களைந்த தண்ணீர் போன்ற நிறம். ஜீப் சக்கரம் பாதிகூட நனையவில்லை. சத்ருவில் கூடாரக் கடையில் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குத் திரும்பினால், ஓடை பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. வண்டிகள் வரிசையாக நின்றன. நான் பழக்கத்தில் மேற்கே பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி வானம்.

"மேக்க பாத்துக்கிட்டு நிக்கீங்களே அத்தான், பாவநாசம் மலை தெரியுதோ?" என்றான் சங்கரன். பிறகு டிரைவரிடம் விசாரித்து வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெயிலாலதானாம். உச்சியில பனி உருகி, இங்கன வந்து சேர சாயங்காலம் ஆயிருமாம். காலையில வத்திருமாம். தெனமும் இப்பிடித்தானாம்."

பிறகு பைய சொன்னான்: "அசன் இதத்தான சொன்னான், அத்தான்?"

கூழாங்கற்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று ஜீப்பிலேயே தங்கி, காலையில் கடந்தோம். போகிறவர்கள் ஓடைகளைக் காலை பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள். வெயில் நன்றாக இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். அந்த உயரத்துக்கு மூச்சு பழக மணாலியில் ஒரு நாள் தங்குங்கள். சத்ருவுக்கு முன்னால் வரும் கோக்சர் என்ற ஊரைத் தாண்டினால் எங்கள் போன்களுக்குச் சிக்னல் இல்லை.

திரும்பும்போது கோக்சரில் சிக்னல் வந்ததும் அசனை அழைத்தேன். "மாமா, ஒடம்பு நல்லாருக்கா? அங்க குளிருமே" என்றான்.

மூன்றாவது குறிப்பு தவறு.