ஆறு மாடு

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசமாக ஓட்டி வந்த ஆறு மாடும் மணப்பெண் லிமாகட்சோவின் காசில் வாங்கியவை. மசேரு நகரத் துணி ஆலையில் வருடக்கணக்காக ஜீன்ஸ் தைத்துச் சேர்த்ததை, கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை மொலிசேயின் கையில் ரகசியமாகத் திணித்திருந்தாள். மாடு கொடுக்க வக்கில்லாதவன் என்று ஊர் அவனைக் கேலி பேசிவிடக் கூடாதே!

அவன் அவளைத் தள்ளி வைத்த அன்று ஊர்த்தலைவர் கேட்டது ஒன்றுதான்.

"மாடு குடுத்தது யாரு?"

"நான்தாங்க தலைவரே," என்றான் மொலிசே, கூசாமல்.

"அப்ப வழக்கப்படி புள்ள, மாடு குடுத்த உன் வீட்டுக்குத்தான்."

"அது என் காசு!" என்று கத்தினாள் லிமாகட்சோ.

"கேட்டீங்களா, தன்னைத்தானே பொண்ணு கேட்டு வந்தாளாம்!" என்றாள் மாமியார். கூட்டம் சிரித்தது.

"வாய மூடுடி, மானம் போகுது," என்றார் லிமாகட்சோவின் அப்பா.

அழுத குழந்தை நியகாலோவை மாமியார் முதுகில் கட்டித் தூக்கிப் போனாள்.

லிமாகட்சோ வெறுங்கையோடு அப்பா வீடு வந்தாள். பட்டியில் அந்த ஆறில் ஒன்றான சிவப்பு மாடு கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கன்றைக் கேட்டு யாரும் வரவில்லை.