அணைக்காத இண்டிகேட்டர்

பிரேக் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லித் தேடினால் ஊரில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக் மேல் எப்போதும் ஒரு பாதத்தை வைத்திருப்பார். வீட்டில் டிவி பார்க்கும்போதும் அந்தப் பாதம் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். கணவர் போன பிறகு அந்த ஒற்றைக் காரை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தார். பயிற்சி கொடுக்கும் உரிமம் போனால் அடுப்பு எரியாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பாடத்தையும் டாஷ்போர்டில் செருகிய போனில் ஒலிப்பதிவு செய்வது அக்காவின் வழக்கம். முடிந்ததும் பழகுகிறவருக்கே அனுப்பிவிடுவார். காருக்குள் பயத்தில் எதுவும் காதில் ஏறாது, வீட்டுக்குப் போய் நிதானமாகத் திட்டு வாங்கினால்தான் மண்டையில் நிற்கும் என்பது அவர் கட்சி.

அவரிடம் வந்தவர்களில் பெரிய தலைவலி சொந்த அண்ணிதான். அண்ணி தையல்காரர். ஊசியில் நூல் கோக்கும்போது இமைகூட அசையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் உடம்பெல்லாம் உதறும். அண்ணன் மனைவி என்பதால் மனசாரத் திட்டவும் முடியாது. "அண்ணி, தெருவே முடிஞ்சு போச்சு, இப்பவாவது இண்டிகேட்டரை அணைங்க அண்ணி" என்று மரியாதையோடு பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய காரில் இண்டிகேட்டர் தானாக அணையாது. எத்தனையோ கைகள் இழுத்து இழுத்து அது கெட்டுப்போயிருந்தது. அண்ணி போட வேண்டிய இடத்தில் ஒழுங்காகப் போடுவார். அணைக்க மட்டும் மாட்டார்.

ஒரு நாள் காலை, மருந்துக்கடை இருக்கும் தெருவுக்குள் இடப்பக்கம் திரும்பினார்கள். திரும்பிய கையோடு பின்னால் போலீஸ் சைரன். அண்ணி பதறிப்போய்க் கிளட்சை விட, கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சிக்னல் போடாமல் திரும்பினீர்கள் என்றார் போலீஸ்காரர். போட்டோம் என்றார் அக்கா. போடவில்லை என்றால் போடவில்லைதான் என்றார் அவர். சரி, அபராதம் எழுதுவார், போய்விடலாம் என்று அக்கா நினைத்தார். அந்த ஆளோ அண்ணியின் மடியில் இருந்த பையைத் திறக்கச் சொன்னார்.

"நிறுத்தினது சிக்னலுக்கு. பையில என்ன சார் சிக்னல் இருக்கு? சோதனைக்கு நான் சம்மதிக்கல" என்றார் அக்கா.

ஆளுக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரையும் இறக்கி, பானெட் மேல் கையை வைத்து நிற்கச் சொன்னார். வாடிக்கையாளருக்குத் தைத்துவைத்த துணியெல்லாம் ரோட்டில் விழுந்தது. பின்சீட்டைப் பிடுங்கினார், கதவின் உள்தகட்டைப் பெயர்த்தார். ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் அண்ணியின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். மருந்துக்கடை வாசலில் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அண்ணி அழவில்லை, அழக்கூட வராத அளவுக்கு அவமானம். அக்காவின் கையும் பானெட் மேல் இருந்தது, என்ன செய்வார்?

கடைசியில் எழுதிக்கொடுத்தது இது: சிக்னல் இல்லாமல் திரும்பினார்கள், சம்மதத்தோடு சோதனை நடந்தது, இடையில் பயிற்சியாளர் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தார். தடுத்தார் என்று நிரூபணமானால் உரிமம் ரத்து.

போலீஸோடு மல்லுக்கட்டாதே, போய் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடு என்று அண்ணன் நச்சரித்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். அண்ணிதான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். அவ்வளவு அதட்டலில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே சிக்னல் போடவில்லையோ? தன்னால்தான் நாத்தனார் குடும்பம் நடுத்தெருவுக்கு வரப்போகிறதோ?

சில நாள் கழித்து, தேங்கிக் கிடந்த தையலை முடிக்க மிஷின் முன் உட்கார்ந்தார். வேலை செய்துகொண்டே பாடத்தைக் கேட்பது அவர் வழக்கம். போனைத் தட்டினால், அந்தக் காலையின் பாடம் வந்திருந்தது. நடந்த களேபரத்தில் பதிவு ஓடியதை அக்காவே மறந்திருந்தும், அவர் விரல் பழக்கதோஷத்தில் அதை அனுப்பியிருக்கிறது, பாருங்கள். மிஷின் சத்தத்துக்கு நடுவே ஏதோ டிக் டிக் என்று கேட்டது. ஊசிதான் தட்டுகிறது என்று நினைத்து மிதியிலிருந்து காலை எடுத்தார். மிஷின் நின்றது. டிக் டிக் நிற்கவில்லை.

வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு, செருப்பு மாட்ட மறந்து நாத்தனார் வீட்டுக்கு ஓடினார்.

நீதிமன்றத்தில் முதலில் போலீஸ்காரர் சாட்சி சொன்னார். சிக்னல் கிடையாது என்றார், அந்த அம்மாவே சோதனைக்குச் சம்மதித்தார் என்றார், சத்தியமும் பண்ணினார். அதன் பிறகுதான் பதிவைப் போட்டார்கள். "கண்ணாடி பாத்தேன், இண்டிகேட்டர் போட்டாச்சு" என்று அண்ணியின் நடுங்கும் குரல். உடனே டிக் டிக். கார் திரும்புகிறது. அதற்கு அப்புறம்தான் சைரன். இன்ஜின் நின்றும் டிக் டிக் நிற்கவில்லை. அக்கா சம்மதிக்கவில்லை என்று சொன்னபோதும், சீட்டைப் பிடுங்கியபோதும், "கைய எடுங்க சார்" என்று அண்ணி கெஞ்சியபோதும் அது அடித்துக்கொண்டே இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அது என்ன சத்தம்?"

அண்ணி எழுந்து நின்றார். உடம்பு உதறவில்லை.

"இண்டிகேட்டருங்க ஐயா. நான் அணைக்க மறந்துட்டேன்."

வழக்கு தள்ளுபடி. சோதனை சட்டத்துக்குப் புறம்பானது, பெண்ணின் உடம்பில் கை வைத்ததற்கும் பொய்ச் சாட்சிக்கும் அந்த ஆள் மேல் தனி வழக்குப் பதிய வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். தலை குனிந்து வெளியே போனவரை அக்கா ஆசை தீரப் பார்த்தார். சந்தோஷத்தில் அண்ணன் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். அது எதிர்த்தரப்பு வக்கீல்.

வீடு திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன் என்று அண்ணி அடம்பிடித்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். அண்ணன் பின்சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவுக்குள் கார் அழகாகத் திரும்பியது. திரும்பி முடித்தும் டிக் டிக். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு அணைக்கக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டேஷன் வாசல் தாண்டட்டும் அண்ணி. அப்புறம் அணைங்க."