ஹைப்பருக்கு உடுத்திப் போகிற சேலை

திருவட்டாறு பக்கத்தில் பெரிய கடைக்கு ஒருவர் என்ன பெயர் சொல்கிறார் என்பதை வைத்தே, அவர் வீட்டுப் பிள்ளைகள் எந்தத் திசைக்குப் பிழைக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சென்னைக்குப் போனவர் வீட்டில் அது டிபார்ட்மென்டல் ஸ்டோர். திருவனந்தபுரத்துக்குப் பெண் கொடுத்த வீட்டில், கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற கடை எல்லாமே மார்ஜின் ஃப்ரீ. அந்த மார்ஜின் யார், அவருக்கு எப்போது விடுதலை கிடைத்தது என்று இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. கல்ஃப்காரர்களிடம் கேட்டால் தலை சுற்றும். அவர்களுக்குப் பெட்டிக்கடை பக்காலா, அதற்கு மேல் மினி மார்ட், அதற்கு மேல் சூப்பர், எல்லாவற்றுக்கும் மேலே ஹைப்பர்.

ராஜபாயின் கணவர் யேசுரத்தினம் ஷார்ஜாவில் ஒரு ஹைப்பரில் இருந்தவர். கல்யாணமான வருஷமே போனார். மகன் ஜெரிஷ் கல்லூரி முடிக்கும்வரை அங்கேதான். இடையிடையே விருந்தாளி மாதிரி வருவார். எந்த சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்று பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். ராஜபாய் தனியாக வீடு கட்டினாள், கிணறு தூர்வாரினாள், மாமியாரை அடக்கம் பண்ணினாள், ஸ்கூட்டர் ஓட்டப் படித்தாள். ஆம்பிளை மாதிரி சமாளிக்கிறாள் என்று சபையில் மெச்சினார்கள். அவளுக்கு அந்த மெச்சல் பிடிக்கவே இல்லை. வீட்டில் ஒரு ஆம்பிளை இருக்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள், தானே ஆம்பிளை ஆக வேண்டும் என்று அல்ல.

இந்தத் தடவை வந்தவர் ஜங்ஷனில் கடை போடப் போவதாகச் சொன்னார். ஆறு மாசத்துக்குள் திரும்பினால் ஷார்ஜா வேலை அப்படியே இருக்கும். கடை ஓடினால் போகவே வேண்டாம். அன்றிலிருந்து ராஜபாயின் ஜெபத்தில் ஜெரிஷின் வேலைகூட இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது.

போர்டு எழுதும்போதே சண்டை வந்தது.

“மார்ஜின் ஃப்ரீன்னு போடுங்க. இங்க ஆளுவளுக்குத் தெரிஞ்ச பேரு அதுதான்” என்றாள்.

“ஏட்டி, நான் இருந்தது ஹைப்பர்ல. ஏசி போட்டாச்சு, கண்ணாடிக் கதவு வச்சாச்சு, ட்ராலி எறக்கியாச்சு. ஷார்ஜாக்காரன் பாத்தா சிரிப்பான்.”

“ஷார்ஜாக்காரனா இங்க வந்து சீனி வாங்கப் போறான்?”

அவர் பிடித்த பிடியை விடவில்லை. ஹைப்பர் மார்க்கெட் என்று ஆள் உயரச் சிவப்பு எழுத்தில் போர்டு ஏறியது. போதகர் ஜெபம் பண்ணித் திறந்துவைத்தார். ஊரே பட்டு உடுத்தி வந்து, கேக் தின்று, டீ குடித்து, ஏசிக் காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. போனதுதான், திரும்பி வரவில்லை. எதிரே முத்துநாயகத்தின் பலசரக்குக் கடையில் மட்டும் நிற்க இடமில்லை.

யேசுரத்தினம் விலையைக் குறைத்துப் பார்த்தார். கூடுதலாக லைட் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவர் ஷார்ஜாவுக்குக் கொண்டுபோகிற பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவதை ராஜபாய் பார்த்துவிட்டாள்.

மதில் அருகே நின்று பக்கத்து வீட்டு லீலாபாயிடம் கேட்டேவிட்டாள். “மைனி, ஒரு நாளாவது நம்ம கடைக்கு வரப்படாதா?”

“வரணும்னுதான் இருக்கேன் மைனி. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு சாரி உடுத்துவேன்லா, அதோட வந்துரலாம்னு பாத்தா, ஓய்வுநாளுன்னு சொல்லி நீங்க பூட்டிப் போட்டிருக்கிய. மத்த நாளு ஹைப்பருக்குன்னு சாரி தேய்ச்சு உடுத்த நேரம் எங்க கெடக்கு?”

“நைட்டியோட வாங்களேன்.”

“ஹைப்பருக்கா?” என்றாள் லீலாபாய். நைட்டியோடு கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க வா என்று கூப்பிட்டதுபோல் இருந்தது அவள் முகம்.

ராஜபாய்க்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. இந்தப் பக்கத்துப் பெண்கள் கடையின் பெயரைப் பார்த்துத்தான் உடுத்துவார்கள். முத்துநாயகம் கடைக்கு நைட்டியும், தோளில் ஒரு துவர்த்துத் துண்டும் போதும். மார்ஜின் ஃப்ரீ என்றால் சுடிதார். ஹைப்பர் என்று எழுதிவிட்டால் பிறகு தேய்த்த சேலை, கழுத்தில் தங்க மாலை, முகத்துக்குப் பவுடர். அரைக் கிலோ உளுந்துக்கு யார் இத்தனை பாடுபடுவார்கள்? யோசித்துப் பார்த்தால், கடை திறந்த நாள் முதல் அவளும் கஞ்சிபோட்ட சேலையில்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். தன் கடைக்குத் தானே பயந்திருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை நைட்டியோடு, துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் போய்க் கடை வாசலில் இறங்கினாள். பேன்டும் பெல்ட்டும் ஷூவுமாக நின்ற யேசுரத்தினத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

“இது என்ன கோலம்? ஹைப்பர்ல இப்பிடியா இருப்பாவ?”

“ஹைப்பர்ல எப்பிடி இருப்பாவன்னு எனக்கு எங்க தெரியும்? ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

சண்டைக்கென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், அது எத்தனை காலமாக உள்ளே கிடந்தது என்று அவளுக்கே தெரிந்தது. யேசுரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த சோப்புகளையே மறுபடியும் அடுக்கினார்.

ராஜபாய் கண்ணாடிக் கதவைத் திறந்துபோட்டு, ரோட்டுக்குத் தெரியும்படி படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். முத்துநாயகம் கடைக்குப் போய்க்கொண்டிருந்த லீலாபாய் நின்று பார்த்தாள். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துவர்த்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பகல் ஏறுவதற்குள் ட்ராலிகளில் பிள்ளைகள் சவாரி போனார்கள். அலமாரியில் யாரும் கை வைக்கவில்லை. எல்லாரும் கல்லாவுக்கு முன்னால் கூடி நின்று, “அண்ணே ஒரு கிலோ சீனி”, “அண்ணே நல்லமிளகு நூறு” என்று கேட்டார்கள். யேசுரத்தினம் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார். பெல்ட்டுக்குள் செருகியிருந்த சட்டை எப்போதோ வெளியே வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து மேனேஜர் சிஜோ கூப்பிட்டான். ஸ்பீக்கரில் அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. டிக்கெட் போடவா வேண்டாமா என்று இன்றைக்கே சொல்ல வேண்டுமாம். ஆமாம், திறந்திருப்பது சூப்பரா ஹைப்பரா என்றும் கேட்டான்.

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ராஜபாயின் கை அப்படியே நின்றது. யேசுரத்தினம் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். நைட்டிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“ரெண்டும் இல்ல சிஜோ. பலசரக்குக் கடை. இங்க ஆளு நிக்கு, டிக்கெட் போடாண்டாம்” என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டார்.

ராஜபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அழுதால் ஊர் என்ன நினைக்கும்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பருப்பைத் தட்டிலிருந்து கவரில் கொட்டினாள்.

“என்ன பாத்துட்டு நிக்கிய? லீலா மைனிக்கு சீனி எடுத்துக் குடுங்க” என்றாள்.