பார்த்ததைச் சொல்லாத பூனை

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அவளுக்குப் பூனை என்று பெயர். வைத்தவள் அணித் தலைவி. பூனை அணியில் சேர்ந்த புதிதில், பந்தைத் தட்டியபடி நிதானமாக நடந்துகொண்டிருந்த தலைவியின் கையிலிருந்து பந்து காணாமல் போனது. திரும்பிப் பார்த்தால் இவள் அந்தக் கோடியில், கூடைக்கு அடியில் நிற்கிறாள். "எப்படி வந்த? மனுஷியா, பூனையா?" என்றாள் தலைவி. அதற்குப் பிறகு அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வாத்தியார்கள் மட்டும்தான்.

அவள் திறமையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. உயரம் சுமார். ஓட்டத்தில் அவளை முந்துகிறவர்கள் அணியிலேயே இருந்தார்கள். ஆனால் கை வேறு ரகம். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பந்து அவள் விரல்களில் ஓசையில்லாமல் வந்து உட்காரும். எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது, காலணி தரையில் உரசும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் மைதானத்தில் கற்றதல்ல. அப்பா பஸ் டிப்போவில் இரவுப் பணி மெக்கானிக். பகலில்தான் தூக்கம். இரண்டே அறை உள்ள வீடு. குக்கர் சீறத் தொடங்கியதுமே அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பள்ளி விடுமுறை முழுக்க மல்லாந்து படுத்து, பந்தை மேலே எறிந்து, சத்தம் வராமல் பிடித்துப் பிடித்துப் பழகிய கை அது. அடுத்த அறையில் யார், எந்த மூலையில் நடக்கிறார்கள் என்று கேட்டறியும் காதும் அங்கே வளர்ந்ததுதான். ஒரு வீடு ஒன்றைக் கொடுக்கும்போதே இன்னொன்றை எடுத்தும்கொள்கிறது. இவளிடம் எடுத்துக்கொண்டது குரலை.

கூடைப்பந்தில் தடுப்பாட்டம் பாதி கால், பாதி வாய். எதிரே வருகிறவளைக் காவல் காப்பவளுக்குத் தன் முதுகுப்பக்கம் தெரியாது. எதிரணியில் ஒருத்தி அங்கே வந்து தூண் மாதிரி நிற்பாள். அதைப் பார்த்தவள் கத்த வேண்டும். அரையிறுதியில் பூனை பார்த்தாள், கத்தவில்லை. தலைவி பின்னால் நகர்ந்து அந்தத் தூணில் மோதி, தோள் தரையில் பட விழுந்தாள். எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். அது வேறு விஷயம்.

"நீ பாத்தியா?" என்று கேட்டாள் தலைவி, தோளில் ஐஸை அழுத்திக்கொண்டு.

"பாத்தேங்க்கா."

"அப்புறம் என்ன? வாய்க்குப் பூட்டா?"

பயிற்சியாளர் மேடம் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "உன் கையால வந்த பாயிண்ட்டு எல்லாருக்கும் தெரியும். உன் வாயால போனது எனக்குத்தான் தெரியும். பேசாத ஆளை ஃபைனல்ல முதல்ல இறங்கற அஞ்சு பேர்ல நிறுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை நமக்குள்ள ஆடுவோம், அதுல பாக்கறேன்."

மறுநாள் காலைப் பயிற்சியிலேயே பூனை முயன்றாள். "அக்கா, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தங்க வந்து நிக்கிறாங்க..." வாக்கியம் முடிவதற்குள் பந்து கூடையில் விழுந்து தரைக்கு வந்திருந்தது.

"பூனை, ஆண்டு விழாவுக்கு வரவேற்புரையா வாசிக்கிற?" என்றாள் தலைவி. "பின்னாலன்னு ஒரு சொல்லு போதும். மரியாதையெல்லாம் மேட்ச் முடிஞ்சு மொத்தமா வாங்கிக்கறேன்."

அன்று மதியம் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, அம்மா தட்டோடு திரும்பியபோது, பூனை முழு மூச்சையும் திரட்டி "பின்னால!" என்று கத்தினாள். தட்டு தரையில் உருண்டது. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு விழுந்தது?"

"யாரும் விழலப்பா. கத்திப் பாத்தேன்."

வழக்கமாக அந்த இடத்தில் அவள் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருப்பாள். இன்று நகரவில்லை. நடந்ததைச் சொன்னாள். "இந்த வாரம் தினமும் கத்தணும்ப்பா. இங்கதான் வாய் மூடிப் பழகிச்சு. இங்கயே திறந்தாதான் அங்க திறக்கும்."

"அப்ப நான் எப்பம்மா தூங்கறது?"

நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க பஸ்ஸுக்கு அடியில் கிடக்கிற மனிதர். பூனை யோசித்தாள். "நீங்க எழுந்து சாப்பிடறப்ப கத்தறேன்."

"எனக்குன்னு இருக்கற ஒரே நிம்மதி அதுதான்."

"அதுல பாதி குடுங்கப்பா."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாதிதான். இப்பத் தூங்க விடு."

மாலைதோறும் அவர் தட்டின் முன் உட்கார்ந்ததும் ஆரம்பமாகும். "அம்மா வலது பக்கம்! இப்ப பின்னால! பின்னால!"

"என் வீட்டுல நான் தண்ணி எடுக்கப் போறதுக்குக் கமெண்ட்ரியா?" என்று அம்மா நொந்துகொள்வாள்.

"இதெல்லாம் ஒரு சத்தமா?" என்பார் அப்பா, வாயில் சோற்றோடு. "எங்க டிப்போல இதுக்கு ஒரு போல்ட்டு கூடத் திரும்பிப் பாக்காது."

வெள்ளிக்கிழமை அணி இரண்டாகப் பிரிந்து ஆடியது. தலைவி, தோளில் பட்டை ஒட்டிக்கொண்டு, பூனையின் பக்கம். முதல் தடவை "பின்னால!" என்று கத்தியதும் தலைவி சட்டென விலகி, தன் ஆளைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை பூனை, ஒருத்தி நகர்வதைப் பார்த்து, "மாத்து!" என்றாள். ஆளை மாற்றிக்கொள் என்று அர்த்தம். தலைவி தன் ஆளை விட்டு ஓடினாள். நகர்ந்தவளோ பாதியில் நின்று சிரித்தாள். அது வெறும் போக்குக் காட்டல். காவல் இல்லாத கூடையில் பந்து சாவகாசமாக விழுந்தது.

எல்லாரும் பூனையைப் பார்த்தார்கள். பேசாமல் இருப்பவளின் தவறு யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். கத்துகிறவளை நம்பி இன்னொருத்தி ஓடுகிறாள். தவறினால் இருவரும் சேர்ந்து நடுவெளியில் நிற்க வேண்டியிருக்கிறது. வாயை மூடிக்கொள்வது எவ்வளவு சொகுசான பழக்கம் என்று பூனைக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

அடுத்த தடவை பந்து இந்தப் பக்கம் வந்தபோதும் அதே இருவர், அதே நகர்வு. மறுபடியும் போக்குக் காட்டலாக இருக்கலாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள நேரம் இல்லை.

"மாத்து! நான் எடுக்கறேன், நீ உள்ள போ!"

தலைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே பாய்ந்தாள். கூடைக்கடியில் வந்த பந்து அவள் கையில் தட்டுப்பட்டு வெளியே பறந்தது. திரும்பி ஓடிவரும்போது, "என்னையே 'நீ'யா? இரு, மேட்ச் முடியட்டும், வச்சுக்கறேன்," என்றாள்.

ஆட்டம் முடிந்ததும் மேடம் வந்தார். "நாளைக்கு ஃபைனல்ல முதல் அஞ்சுல நிக்கிற. ரெண்டு தடவை தப்பாச் சொன்ன."

"ஒரு தடவைதான் மேடம்."

"ரெண்டு. இன்னொண்ணை முணுமுணுத்த, வேற யாருக்கும் கேக்கல. அதனால யாரும் ஏமாறல." அவ்வளவுதான், போய்விட்டார்.

பூனை பந்தை எடுத்துக்கொண்டாள். தலைவி ஓரமாக உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ஆடலாம்."

தலைவி காதில் விழாதவள் மாதிரி அடுத்த நாடாவுக்குப் போனாள். கதவருகே போய்விட்ட மேடமும் திரும்பிப் பார்க்கும்படி, பூனை அதையே மறுபடி சொன்னாள்.