அடுப்புக்குத் தப்பிய சித்திரக்கதை

திருகோணமலைத் துறைமுக வீதிப் பழைய புத்தகக் கடையில் அந்தச் சித்திரக்கதையைக் கண்டதும் கை பின்வாங்கியது. அட்டையில் துப்பாக்கியோடு குதிரைவீரன்.

நான் சிறுவனாயிருந்தபோது, இராணுவம் வீடு வீடாகச் சோதனை நடத்திய காலம். வாசிக்கத் தெரியாத அம்மா, தாடிக்காரர் படம் போட்ட வாழ்க்கை வரலாறுகளை, புரட்சிக்காரருடையவை என்று பயந்து குசினி அடுப்பில் போட்டார்.

“அம்மா, அவர் விஞ்ஞானி!” அண்ணன் கத்தினான்.

“ஆராயிருந்தாலும் தாடி தாடிதான். உன்ர படக்கதையை வைச்சிரு, அது சின்னப்பிள்ளையள் பாக்கிறது.”

நான் அதைப் பாதி வாசித்திருந்தேன். மறுநாள் வந்தவர்கள் அந்தப் புத்தகத்தையும், அதைப் பார்த்து அண்ணன் கொப்பியில் வரைந்திருந்த துப்பாக்கிகளையும் எடுத்தார்கள். அண்ணனையும் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை.

நாவல்கள், வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் பிறகு வாசித்துத் தள்ளினேன். சித்திரக்கதை மட்டும் ஏலாது.

“நல்ல கதை அண்ணை, வாசிச்சனீங்களோ?” என்றார் கடைக்காரர்.

“ஓம், பாதி வாசிச்சனான்,” என்று சொல்லிவிட்டு வாங்காமல் இறங்கினேன்.