ரெகுலேட்டர் என் பையில் இருந்தது

நாலு நாள் அடுப்பு முகத்தில் விழிக்காமல் இருக்கலாம் என்றுதான் சுற்றுலாவுக்குச் சரி சொன்னேன். வந்து நின்ற வண்டிக்குள் அடுப்பு இருந்தது.

சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவன் மாதிரி நீளமான வண்டி. படுப்பதற்கு அடுக்குப் படுக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கடைசியில் காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு குழாய். ஏற்பாடு செய்தது இடைசெவல் அண்ணாச்சி. அடுப்பைத் தட்டிக் காட்டி, "ஓட்டல் செலவே கிடையாது, எல்லாம் வீட்டுச் சாப்பாடு" என்றார். யார் சமைப்பது என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

மூன்று குடும்பம். நானும் என் வீட்டுக்காரரும். அண்ணாச்சியும் அவர் மனைவியும். அவரை நான் மதினி என்பேன். அப்புறம் பசுவந்தனையிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. இந்தக் கூட்டத்தோடு அந்தப் பிள்ளைகளை யார் வண்டியேறச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சென்னையில் என்னென்ன பார்க்கலாம் என்று ஆண்கள் பேசினார்கள். அண்ணாச்சி கடல் என்றார். கடல் எங்களுக்குத் திருச்செந்தூரில் இருக்கிறது. நான் ஒன்றுதான் கேட்டேன். மண்ணுக்கு அடியில் ஓடும் ரயிலில் போக வேண்டும். சரி என்றார்கள்.

எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வீடு கரிசல் மண்ணில் நிற்கிறது. கோடையில் தரை வெடிக்கும், அதோடு சுவரும் வெடிக்கும். அடுப்படிச் சுவரில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மழை பெய்தால் அதுவாகவே மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர் வருஷா வருஷம் சிமெண்ட் பூசுவார், வருஷா வருஷம் அதே இடத்தில் திறக்கும். ஒரு அடுப்படிச் சுவரையே நிற்க விடாத மண்ணைப் பார்த்துப் பழகியவள் நான். அடியில் தோண்டி ரயில் விட்டு, மேலே மாடி மாடியாக ஆட்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள்? போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடியில் போவதாக இருந்த பயணம் தள்ளித் தள்ளிப் புரட்டாசிக்கு வந்துவிட்டது. புரட்டாசி மழைக்குத்தான் எங்கள் பக்கம் விதைப்பு. நான் சண்டை போட்டு, கிளம்புவதற்கு முன்பே எங்கள் புஞ்சையில் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் காய்ந்த புழுதியிலேயே விதைக்க வைத்தேன். மழை எப்போது பெய்தாலும் அதுபாட்டுக்கு முளைக்கும். அண்ணாச்சி விதைக்கவில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

காலையில் சென்னை வந்து சேர்ந்தோம். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். எல்லாருக்கும் ரவை உப்புமா கிண்டிப் போட்டு, பாத்திரம் கழுவி, சேலை மாற்றிவிட்டு வந்தேன். அண்ணாச்சிக்கு ஊரிலிருந்து போன் வந்தது.

"ஓட்டப்பிடாரம் பக்கம் மழை இறங்கிட்டாம். மேகம் நம்ம பக்கம்தான் வருதாம்" என்றார். "தம்பி, வண்டிய எடு."

டிரைவர் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அண்ணாச்சி, ராத்திரி பூரா ஓட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் தூங்கணும். இப்பமே எடுன்னா எடுக்கேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில எல்லாரும் பக்கத்துப் பக்கத்துல கெடப்போம்."

"சரி, சாயங்காலம் கெளம்புதோம்" என்றார் அண்ணாச்சி. "அதுவரைக்கும் யாரும் எங்கயும் போக வேண்டாம். போன் வந்துக்கிட்டே இருக்கும்."

நான் கேட்டேன். "இன்னைக்கு மழை பேஞ்சா நாலு நாளைக்குக் கரிசல்ல கால் வைக்க முடியுமா? முழங்கால் வரைக்கும் மண்ணு அப்பும். டிராக்டர் இறங்குமா? ஓடிப் போயி வரப்புல நின்னு வேடிக்கைதான பாக்கப் போறீங்க?"

எல்லாருமே கரிசல்காரர்கள், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஊரில் மழை என்று கேட்ட பிறகு ஒருவராலும் உட்கார முடியவில்லை.

"ஏட்டி, ஊர்ல மழை பெய்யுதுங்காவ, நீ ரயில் பாக்கணுங்கே" என்றார் வீட்டுக்காரர்.

"நம்ம விதை மண்ணுக்குள்ள கெடக்கு. நீங்க போயி அதத் தட்டி எழுப்பவா போறீங்க?"

"அண்ணாச்சிக்கு விதைக்கணும்லா. டிராக்டர் நம்மகிட்டதான இருக்கு."

அப்போது அண்ணாச்சி, சண்டையைத் தீர்த்து வைக்கிற குரலில் சொன்னார். "சரி விடுங்க. சும்மாதான இருக்கோம். பொம்பளையாளுக மத்தியானத்துக்கு ஒரு சாம்பார் சோறு ஆக்கிருங்க. இப்ப எல்லாருக்கும் ஒரு டீ."

எழுந்தேன். டீ போடத்தான் எழுந்தேன் என்று நினைத்தார்கள். சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, என் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மதினி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பசுவந்தனைப் பிள்ளை புருஷனைப் பார்த்தாள். அவன் போனில் மேகப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் வந்துவிட்டாள்.

ரயில் நிலையத்தில் படி இறங்கி, டிக்கெட் வாங்கி, உள்ளே போகப் போனோம். பையை ஒரு பெட்டிக்குள் விட்டுப் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். என் பை உள்ளே போனதும் பெட்டி நின்றது. காவலுக்கு இருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இது என்ன?"

"காஸ் ரெகுலேட்டர்."

"எதுக்கு?"

"அடுப்புக்கு."

"அடுப்பு எங்க?"

"வண்டியில."

"அப்ப இது ஏம்மா இங்க இருக்கு?"

"இது அங்கன இருந்தா நான் இங்கன இருக்க முடியாது."

அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிலிண்டர் சம்பந்தப்பட்ட சாமானை உள்ளே விட முடியாது, வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். வெளியே எங்கே வைப்பது? திரும்பிப் போய் வண்டியில் வைத்தால் டீ, டீக்குப் பின்னால் சாம்பார், சாம்பாருக்குப் பின்னால் பாத்திரம், அப்புறம் ஊர். மதினி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "குப்பைத்தொட்டி ஒண்ணு இருக்கு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த நேரம் என் வீட்டுக்காரர் படியில் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"ரெகுலேட்டரக் குடு" என்றார். ஸ்டேஷன் முழுவதும் கேட்டது. "டீ இல்லாம அண்ணாச்சி தலைவலிங்காரு."

"இந்தாங்க" என்று கையில் கொடுத்தேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீ வரலயா?"

"இல்ல."

"அப்ப சமையலு?"

"அதான் கையில வச்சிருக்கீங்கள்லா."

காவல்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாங்கள் உள்ளே போனோம்.

ரயிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே இருட்டு. உள்ளே குளிர். ஏறின உடனே மதினி தூங்கிவிட்டார். உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு, யாரும் எதுவும் கேட்காத தூக்கம். பசுவந்தனைப் பிள்ளை தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டாள். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனோம். அங்கே இறங்கி நான் சுவரைப் பார்த்தேன். தூணைப் பார்த்தேன். மூலையில் போய்க் கையை வைத்துத் தடவினேன். ஒருவர் என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். விரிசல் ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்தோம்.

வண்டியில் ஆண்கள் சமைத்திருந்தார்கள். சோறு அடியில் கருகி, மேலே குழைந்து, நடுவில் அரிசியாக இருந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் தீர்ந்திருந்தது. மழைச் செய்தியும் தீர்ந்திருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து மெயின் ரோட்டுக்குக் கிழக்கே நல்ல மழை, மேற்கே சொட்டுகூட விழவில்லை. இடைசெவலில் வெயில் அடிக்கிறதாம். அண்ணாச்சி போனைக் குப்புற வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இருந்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று மதினி சொன்னார். சொன்னது சொன்னதுதான் என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டியதும் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள சுவத்துல விரிசல் ஏதும் உண்டா?"

"இல்ல."

"எங்கனயுமேவா?"

"நான் பாத்த வரைக்கும் இல்ல."

"என்னத்தக் கலந்து பூசிருப்பாவ?"

"நீங்க வந்திருந்தா நீங்களே பாத்திருக்கலாம்."

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்து அண்ணாச்சி திரும்பினார். "ராத்திரிக்கு லேசா ஒரு உப்புமா போதும், என்னம்மா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். மதினி கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்காரரின் சட்டைப் பை கனமாகத் தொங்கியது. அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"விக்கிரவாண்டியில நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. கடையில சாப்பிட்டுக்கிடுவோம்."

கடைச் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. நான் மூன்று தோசை சாப்பிட்டேன்.